காவற்படை குறைந்தும் கலகம் ஏன்?

இல்லந்தோறும் நல்வாழ்வு – மருத்துவப் பகுதி



பள்ளிப்பட்டு வட்டாரத்திலிருந்து ஒரு சகோதரி எழுதிய மடல் இத்திங்கள் நம் கைக்குக் கிட்டியது. பெயரும் சிற்றூரும் வெளியிட வேண்டா என்று கேட்டிருக்கிறார், அவ்வாறே செய்கிறோம். மடலின் சாரம் வருமாறு:

"என் கணவர் விசைத்தறித் தொழிலாளி. எச்.ஐ.வி. கிருமிக்காக அரசு மையத்தில் தரும் மாத்திரையைப் பல ஆண்டுகளாகத் தவறாமல் உட்கொண்டு வருகிறார். இப்போது ஹெபடைட்டிஸ் சி என்னும் ஈரல் கிருமியும் இரத்தத்தில் இருப்பதாகச் சொல்லுகிறார்கள். போதாக்குறைக்கு ஏ.என்.ஏ. என்னும் சோதனையும் 'பாசிட்டிவ்' என வந்துள்ளது. உடலே தன்னைத் தாக்கிக்கொள்ளும் நோய்க்கு அது அடையாளமாம். எதிர்ப்பாற்றல் குறைவதுதானே எய்ட்ஸ்? குறைந்துபோன ஆற்றல் எப்படித் தன் ஈரலையே தாக்கும்? மாத்திரையால் எதிர்ப்பாற்றல் மிகுந்துவிட்டது, நிறுத்திவிடு என்கிறார் ஓர் உறவினர். ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிக் கொடு என்கிறார் மற்றொருவர். சீந்தில் கொடிக் கஷாயம் போதும் என்கிறார் மூன்றாமவர். நான் யார் சொல்லைக் கேட்பது?"

அந்நோய் எவ்வழி வந்தது என்று சகோதரி எழுதவில்லை. நாமும் அதைக் கேட்க விரும்பவில்லை. மருத்துவத்துக்கு வேண்டியது நோயின் நிலையேயன்றி நோயாளியின் பழங்கதை அன்று. விடையை முதலிலேயே கூறிவிடுவோம்: எச்.ஐ.வி. மாத்திரையை ஒருநாளும் நிறுத்தலாகாது. மருத்துவர் தீர ஆராய்ந்து சொல்லாமல் ஸ்டீராய்டைத் தொடலாகாது. கஷாயத்தையும் விலக்குவதே நன்று. ஹெபடைட்டிஸ் சி கிருமியோ முற்றிலும் குணப்படுத்தக் கூடியது. இவ்விடைக்குரிய காரணங்களை இனிக் காண்போம்.

ஓருடலில் இரு கிருமிகள்

எச்.ஐ.வி. நம் நாட்டில் முதன்முதல் அறியப்பட்ட வரலாறு பள்ளிப்பட்டுக்கு அயலில் உள்ள வேலூரோடு தொடர்புடையது. 1986ஆம் ஆண்டு தொடக்கத்தில், சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பயின்ற நிர்மலா என்னும் மாணவி, தம் பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமன் அவர்களின் வழிகாட்டுதலில் பலரிடம் இரத்தம் சேகரித்தார். சென்னையில் அப்போது அதற்குரிய சோதனை வசதி இல்லை. ஆகவே அவற்றை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துச் சென்று சோதித்தனர். ஆறு பேரின் இரத்தத்தில் கிருமியின் அடையாளம் தெரிந்தது. அமெரிக்க ஆய்வுக்கூடமும் அதனை உறுதி செய்தது. டாக்டர் சுனிதி சாலமன் 1993இல் ஒய்.ஆர்.ஜி. கேர் என்னும் அமைப்பைச் சென்னையில் நிறுவி, 2015இல் தாம் மறையும்வரை இந்நோயாளருக்காகவே உழைத்தார்.

ஹெபடைட்டிஸ் சி கிருமி அதற்குப் பின்னரே இனங்காணப்பட்டது. இரத்தம் ஏற்றிக்கொண்ட பலருக்கு ஈரல் அழற்சி தோன்றுவதை மருத்துவர் அறிந்திருந்தனர். ஏ வகையுமன்று, பி வகையுமன்று என்று மட்டுமே அதற்குப் பெயரிட முடிந்தது. 1989இல்தான் கிருமி கண்டறியப்பட்டது. இப்பணிக்காக ஹார்வி ஆல்டர், மைக்கேல் ஹௌட்டன், சார்லஸ் ரைஸ் ஆகிய மூவர்க்கும் 2020இல் நோபெல் பரிசு வழங்கப்பெற்றது. தானமாகப் பெறும் இரத்தத்தில் சி கிருமியைச் சோதிப்பது நம் நாட்டில் 2001இல் கட்டாயமாக்கப்பட்டது. அதற்கு முன் இரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் ஒருமுறையேனும் இச்சோதனையைச் செய்துகொள்வது நலம்.

இரண்டு கிருமிகளும் இரத்தத்தின் வழியே பரவக்கூடியவை. ஆகையால் ஒன்று நுழைந்த வழியிலேயே மற்றதும் நுழைய வாய்ப்புண்டு. தூய்மை செய்யப்படாத ஊசி, சோதிக்கப்படாத இரத்தம், பிறர் பயன்படுத்திய சவரத் தகடு, பச்சை குத்தும் ஊசி ஆகியவை அவ்வழிகளுள் சில. ஊசியால் போதைப்பொருள் ஏற்றிக்கொள்வோரிடம் இருவகைத் தொற்றும் சேர்ந்திருப்பது மிகுதி. ஒய்.ஆர்.ஜி. கேர் மருத்துவர்கள் இந்தியாவின் 15 நகரங்களில் இத்தகையோர் பதினாலாயிரத்துக்கும் மேற்பட்டவரைச் சோதித்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், மூவரில் ஒருவருக்கு மேல் சி கிருமி தொற்றிய அடையாளம் காணப்பட்டது. அவர்களுள் தம் நிலையை முன்பே அறிந்திருந்தவர் மிகச் சிலரே. உலகெங்கும் இரு தொற்றும் ஒருங்கே உடையவர் ஏறத்தாழ 23 இலட்சம் பேர் என 2016இல் கணித்தனர்.

குறைவும் மிகுதியும் ஒருங்கே

இனிச் சகோதரியின் முதல் ஐயத்துக்கு வருவோம். அவர் கேட்டது கூர்மையான வினா. மருத்துவ நூலோரும் நெடுங்காலம் இதைக் குறித்துச் சிந்தித்துள்ளனர்.

எதிர்ப்பாற்றல் என்பது ஒரு பாத்திரத்தில் உள்ள நீரைப்போல் கூடுவதும் குறைவதுமாக மட்டும் இருக்கும் ஒரு பொருள் அன்று. அது பல பிரிவுகள் கொண்ட காவற்படையை ஒக்கும். ஆணையிடுவோர், ஆயுதம் செய்வோர், நேரே பொருதுவோர், அடக்கி வைப்போர் என அப்படையில் பலர் உண்டு. இரத்தத்தின் வெள்ளணுக்களில் சி.டி.4 எனப்படுபவை ஆணையிடும் தலைவர்கள். எச்.ஐ.வி. கிருமி முதன்மையாக அழிப்பது இவற்றையே. ஆயின் சி.டி.4 அணுக்களுள் ஒரு பகுதி, 'போதும், நிறுத்து; இது நம் உடல்' என்று படையை அடக்கும் வேலையையும் செய்கின்றது. தலைவர் வீழும்போது அடக்குவோரும் வீழ்கின்றனர்.

இதன் பயன் யாதெனில், ஆயுதம் செய்யும் பி அணுக்கள் கட்டுப்பாடின்றி எதிர்ப்பொருள்களை உற்பத்தி செய்துகொண்டே இருக்கின்றன. எச்.ஐ.வி. உடையவரின் இரத்தத்தில் எதிர்ப்பொருட் புரதங்கள் மிகுந்திருப்பது இதனாலேயே. அளவு மிகுதி, ஆனால் பயன் குறைவு. காசநோய்க்கும் பூஞ்சைக்கும் எதிராக நிற்க வேண்டிய படை நிற்பதில்லை. எவரையும் குறிவைக்காத அம்புகளோ எங்கும் பறக்கின்றன. அவற்றுள் சில நம் உடலின் சொந்தப் பொருள்களையே பற்றுகின்றன. இவற்றைத் தன்னெதிர்ப்பொருள்கள் என்போம். ஏ.என்.ஏ. என்பது அவற்றுள் ஒன்று. அது நம் உயிரணுக்களின் உட்கருவைப் பற்றுவது.

ஹெபடைட்டிஸ் சி கிருமி இக்குழப்பத்தை மேலும் வளர்க்கிறது. அது ஈரலில் குடியிருந்தாலும், பி அணுக்களின் மேற்புறத்தைப் பற்றி அவற்றை ஆண்டுக்கணக்கில் தூண்டவல்லது. அவ்வாறு தூண்டப்பட்ட அணுக்கள் முடக்குவாத நோயில் காணப்படும் எதிர்ப்பொருளையும், குளிரில் உறையும் கிரையோகுளோபுலின் என்னும் புரதத்தையும் சுரக்கின்றன. இப்புரதம் நுண்ணிய இரத்தக் குழாய்களில் படிந்தால், கால்களில் செந்நீலப் புள்ளிகள், மூட்டுவலி, பாதத்தில் மரமரப்பு, சிறுநீரில் புரதம் கழிதல் ஆகியவை தோன்றலாம். கண்ணும் வாயும் வறளுவதும் உண்டு. மேலும், சி கிருமியின் புரதங்களுள் ஒரு பகுதி ஈரலின் இயல்பான புரதம் ஒன்றன் சாயலில் அமைந்துள்ளது. பகைவனைத் தேடும் காவலன், அவன் முகச்சாயல் கொண்ட வீட்டாரையும் பிடிப்பது போன்ற மயக்கம் இது.

ஆகவே, ஒரே உடலில் எதிர்ப்பாற்றல் குறைந்திருப்பதும், தன்னெதிர்ப்பு மிகுந்திருப்பதும் முரண் அன்று. ஒழுங்கு குலைந்த படையில் காவலும் குறையும், கலகமும் மிகும்.

கல்லீரலில் நிகழ்வது

சி கிருமி தானாக ஈரல் அணுக்களைப் பெரும்பாலும் கொல்வதில்லை. தொற்றிய அணுக்களை நம் காவற்படை தாக்குவதால்தான் அழற்சி விளைகிறது. அழற்சி நீடித்தால் ஈரலில் வடு நார்கள் படிகின்றன. நாளடைவில் ஈரல் சுருங்கி இறுகுகிறது. இதனைச் சிரோசிஸ் என்பர். சி கிருமி தொற்றியவர் நூற்றுவரில் ஏறத்தாழ முப்பதுபேர் ஆறு திங்களுக்குள் மருந்தின்றியே அதனை வென்றுவிடுவர். எஞ்சிய எழுபதுபேரிடம் அது நிலைத்துவிடும். நிலைத்தவர்களுள் நூற்றுக்கு 15 முதல் 30 பேருக்கு இருபது ஆண்டுகளில் சிரோசிஸ் வரக்கூடும்.

எச்.ஐ.வி. உடன் சேரும்போது இக்கணக்கு மாறுகிறது. தானாக வெல்வோர் தொகை குறைகிறது. சிரோசிஸ் வரும் வேகமோ ஏறத்தாழ இரு மடங்காகிறது. இதற்கு ஒரு காரணம் குடலில் உள்ளது. குடற்சுவரைக் காக்கும் சி.டி.4 அணுக்களை எச்.ஐ.வி. தொடக்கத்திலேயே பெரிதும் அழித்துவிடுகிறது. காவல் இழந்த சுவர் வழியே குடற்கிருமிகளின் நச்சுப்பொருள்கள் கசிந்து, குடலிலிருந்து ஈரலுக்குச் செல்லும் பெருங்குழாய் வழியாக நேரே ஈரலை அடைகின்றன. ஈரலில் உள்ள அணுக்கள் கிளர்ச்சியுற்று வடு நார்களை விரைந்து பின்னுகின்றன. எச்.ஐ.வி. மாத்திரை குடற்காவலை ஓரளவேனும் மீட்டுத் தருகிறது. மாத்திரை ஈரலைத் தின்கிறது என்பவர் இதனை அறியார்.

காகிதத்தில் கண்டதெல்லாம் நோயன்று

உடலே ஈரலைத் தாக்கும் உண்மையான நோய் ஒன்று தனியே உண்டு. அதனைத் தன்னெதிர்ப்பு ஈரல் அழற்சி என்பர். 1950ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு மருத்துவர் வால்டென்ஸ்ட்ரோம் இதனை விவரித்தார். பெண்களிடம் மிகுதியாகக் காணப்படுவது. ஏ.என்.ஏ. முதலிய தன்னெதிர்ப்பொருள்கள் இதன் அடையாளங்கள். பிரெட்னிசலோன் என்னும் ஸ்டீராய்டும் அசாதயோபிரினும் இதற்குரிய மருந்துகள். காலத்தில் கொடுத்தால் உயிர் காப்பவை.

ஆனால் அடையாளம் வேறு, நோய் வேறு. புகை கண்டவிடமெல்லாம் வீடு எரிகிறது என்று முடிவு கட்டலாமா? அடுப்புப் புகையாகவும் இருக்கலாம் அன்றோ? நலமாயிருப்போர் சிலரிடமும் ஏ.என்.ஏ. சிறிதளவில் காணப்படும். சி கிருமி உடையவரிடம் இன்னும் மிகுதி, எச்.ஐ.வி.யும் சேர்ந்தால் காணப்படுவதில் வியப்பில்லை. இவர்களுள் பெரும்பாலோர்க்குத் தன்னெதிர்ப்பு ஈரல் அழற்சி இல்லை. கிருமிகள் கிளப்பிய புகையே சோதனையில் தெரிகிறது.

இம்மயக்கம் மருத்துவ உலகத்தையே ஒருகாலத்தில் அலைக்கழித்தது. 1989இல் சி கிருமிக்குச் சோதனை வந்ததும், அதுவரை தன்னெதிர்ப்பு ஈரல் அழற்சி எனக் கருதப்பட்ட சிலரிடம் உண்மையில் இருந்தது சி கிருமியே என்று தெரிந்தது. அதே சமயம், முதற்காலச் சோதனைகளில் மற்றொரு பிழையும் இருந்தது. தன்னெதிர்ப்பு நோயாளரின் இரத்தத்தில் மிகுந்திருந்த எதிர்ப்பொருட் புரதங்கள், கிருமி இல்லாதபோதும் இருப்பதுபோல் காட்டின. பின்னர் வந்த சோதனைகள் இதனைத் திருத்தின. இன்று இறுதி முடிவு தருவது சி கிருமியின் ஆர்.என்.ஏ. சோதனை. அது கிருமியையே நேரில் காட்டுகிறது. எச்.ஐ.வி.யால் எதிர்ப்பாற்றல் மிகக் குறைந்தோர்க்கு எதிர்ப்பொருட் சோதனை சிலவேளை 'இல்லை' என்று பொய்யுரைக்கும், ஆர்.என்.ஏ. சோதனை அப்போதும் உண்மையைச் சொல்லும்.

ஈரல் சோதனையில் எண்கள் உயர்வதற்கு வேறு காரணங்களும் உள. மது, ஈரல் கொழுப்பு, பி வகைக் கிருமி, காசநோய் மருந்துகள், பழைய எச்.ஐ.வி. மருந்துகள் சில, கடையில் பெயரின்றி வாங்கும் பொடிகள் ஆகிய ஒவ்வொன்றையும் மருத்துவர் விலக்கிப் பார்க்க வேண்டும். அதன் பின்னரும் ஐயம் தீராவிடில், தன்னெதிர்ப்பொருள்களின் அளவு, ஐ.ஜி.ஜி. என்னும் புரதத்தின் அளவு ஆகியவற்றைப் பார்த்து, தேவையாயின் ஊசி வழியே ஈரலில் சிறு துணுக்கு எடுத்து உருப்பெருக்கியில் நோக்குவர். உண்மையான தன்னெதிர்ப்பு நோயில் குறிப்பிட்ட வகை வெள்ளணுக்கள் ஈரல் அணுத் திரளின் ஓரத்தை அரித்திருப்பது அங்கே தெரியும்.

எச்.ஐ.வி. உடையவர்க்கு உண்மையான தன்னெதிர்ப்பு ஈரல் அழற்சி வரவே வராதோ எனின், அரிதாக வரும். எச்.ஐ.வி. மருந்தால் சி.டி.4 அணுக்கள் மீளும்போது, மீண்ட படை சிலரிடம் மிகையாகக் கிளர்வதுண்டு. தைராய்டு சுரப்பியைத் தாக்கும் கிரேவ்ஸ் நோய் இவ்வாறு தோன்றியது பலமுறை பதிவாகியுள்ளது. ஈரலிலும் சிலரிடம் கண்டுள்ளனர். அப்போதும் எச்.ஐ.வி. மாத்திரையைத் தொடர்ந்துகொண்டே, சிறப்பு மருத்துவரின் கண்காணிப்பில் ஸ்டீராய்டு அளித்துக் கட்டுப்படுத்துவதே முறை.

இருதலைக் கொள்ளி எறும்பாயிருந்த காலம்

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இச்சகோதரி எழுதியிருந்தால் நம் விடை இவ்வளவு துணிவாக இருந்திராது. அன்று சி கிருமிக்கு இருந்த முதன்மை மருந்து இன்டர்பெரான் என்னும் ஊசி. அதனுடன் ரிபாவிரின் மாத்திரையையும் ஓராண்டு வரை கொடுப்பர். காய்ச்சலும் சோர்வும் மனத்தளர்ச்சியும் தரும் மருந்து அது. இரு தொற்றும் உடையவர்களுள் பாதிப்பேர்க்குக்கூட முழுக் குணம் கிட்டுவதில்லை. அன்றியும் அது எதிர்ப்பாற்றலைத் தூண்டிவிடும் மருந்து. உள்ளே உறங்கும் தன்னெதிர்ப்பு நோயை எழுப்பிவிடக் கூடியது. மறுபுறம், தன்னெதிர்ப்பை அடக்க ஸ்டீராய்டு கொடுத்தாலோ சி கிருமி பெருகும். ஒன்றைத் தணித்தால் மற்றொன்று சீறும். மருத்துவர் இருதலைக் கொள்ளி எறும்பாயினர்.

2013இன் இறுதியில் சோபோஸ்புவிர் என்னும் மாத்திரை அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இது எதிர்ப்பாற்றலைத் தூண்டுவதில்லை. கிருமி தன்னைப் பெருக்கிக்கொள்ளும் பொறியையே நேராக முடக்குகிறது. தொடக்கத்தில் அங்கே ஒரு மாத்திரை ஆயிரம் டாலர். பன்னிரண்டு வார மருந்து 84,000 டாலர். ஏழை நாட்டார் எட்ட முடியாத விலை. 2015 முதல் இந்திய நிறுவனங்கள் அதனைத் தயாரிக்கவே விலை பன்மடங்கு சரிந்தது. 2018 ஜூலை 28ஆம் நாள் மைய அரசு தேசிய வைரஸ் ஈரல் அழற்சித் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கி, இச்சோதனையையும் மருந்தையும் இலவசமாக்கியது.

சிரோசிஸ் இல்லாதவர்க்குச் சோபோஸ்புவிரும் டக்ளாடாஸ்விரும் பன்னிரண்டு வாரம். சிரோசிஸ் உள்ளவர்க்குச் சோபோஸ்புவிருடன் வெல்படாஸ்விர். ஈரல் மிகவும் நலிந்தவர்க்கு மருந்தைக் கூட்டியோ காலத்தை நீட்டியோ அளிப்பர். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் குணம் பெறுகின்றனர். எச்.ஐ.வி. இருப்பதால் இப்பயன் குறைவதில்லை என்பதே நற்செய்தி. மருந்து முடித்துப் பன்னிரண்டு வாரம் கழித்தும் ஆர்.என்.ஏ. சோதனையில் கிருமி இல்லையெனில் குணமாயிற்று என்று பொருள். எதிர்ப்பொருட் சோதனை மட்டும் வாழ்நாள் முழுவதும் 'பாசிட்டிவ்' என்றே காட்டலாம், அதற்கு அஞ்சற்க. ஆனால் மீண்டும் தொற்றுவதை எதுவும் தடுப்பதில்லை. விழிப்பு என்றும் வேண்டும்.

கிருமி ஒழிந்தபின் ஈரல் எண்கள் பெரும்பாலோரிடம் இயல்புக்குத் திரும்புகின்றன. கிரையோகுளோபுலினால் வந்த புள்ளிகளும் வலியும் பலரிடம் தணிகின்றன. தன்னெதிர்ப்பொருள்களும் சிலரிடம் குறைகின்றன. தீ அணைந்தபின் புகை கலைகின்றதா என்று பொறுத்திருந்து பார்ப்பதே அறிவுடைமை. கலையாதவர் சிலரே, அவர்களுக்கே மேலும் ஆய்வு வேண்டும்.

மூன்று அறிவுரைகளுக்கும் மறுமொழி

முதலாவது, எச்.ஐ.வி. மாத்திரையை நிறுத்துவது. 33 நாடுகளில் 5,472 பேரிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட ஸ்மார்ட் என்னும் பேராய்வு, மாத்திரையை இடையிடையே நிறுத்தியவர்களே மிகுதியாக நோயுற்றதையும் இறந்ததையும் காட்டியது. ஈரல் கிருமியும் உடையவர்க்கு அபாயம் இன்னும் மிகுதியாயிருந்தது. வேறொரு தீங்கும் உண்டு. இன்று அரசு மையங்களில் பெரும்பாலோர்க்குத் தரும் கூட்டு மாத்திரையில் டெனோபோவிர், லாமிவுடின் என்னும் இரு மருந்துகள் உள்ளன. இவை பி வகைக் கிருமியையும் அடக்குபவை. பி கிருமி உள்ளவர் இதனைத் திடீரென நிறுத்தினால் அக்கிருமி சீறியெழுந்து ஈரலைச் செயலிழக்கச் செய்யலாம்.

இரண்டாவது, ஸ்டீராய்டு. மருந்துக் கடையில் சீட்டின்றி வாங்கிய ஸ்டீராய்டால் இரண்டொரு வாரம் பசி எடுக்கும், வலி தணியும், முகம் உப்பிக் களை வந்ததுபோல் தோன்றும். உள்ளேயோ சி கிருமி பெருகும், பி கிருமி விழிக்கும், மறைந்துகிடக்கும் காசநோய் தலைதூக்கும், சர்க்கரை ஏறும். நோய் உறுதியானவர்க்கு அமுதாவது, உறுதியாகாதவர்க்கு நஞ்சாகும்.

மூன்றாவது, கஷாயம். கீழாநெல்லியும் சீந்திலும் நம் முன்னோர் போற்றிய மூலிகைகள். அவற்றை இகழ்வது நம் நோக்கமன்று. ஆயின் எந்த மூலிகையும் சி கிருமியை ஒழித்ததாக மெய்ப்பிக்கப்படவில்லை. சீந்திலைக் குறித்துத் தனியே ஓர் எச்சரிக்கை உண்டு. கொரோனாக் காலத்தில் எதிர்ப்பாற்றலைப் பெருக்கும் என்று பலர் அதனை அன்றாடம் அருந்தினர். 2020இன் பிற்பகுதியில் அவ்வாறு அருந்திய ஆறு பேருக்குத் தன்னெதிர்ப்பைப் போன்ற ஈரல் அழற்சி வந்ததை மும்பை மருத்துவர்கள் கண்டு, 2021இல் வெளியிட்டனர். மைய ஆயுஷ் அமைச்சகம் இதனை மறுத்தது. பின்னர்ப் பிற நகரங்களின் மருத்துவர்களும் இவ்வாறு கண்டதை எழுதினர். ஏற்கனவே ஏ.என்.ஏ. காட்டும் நலிந்த ஈரலுடையவர், படையைத் தூண்டிவிடும் எதனையும் தாமே அருந்துவது கூடாது.

எல்லையோர ஊராருக்கு ஒரு சொல்

1960 ஏப்ரல் முதல் நாள் வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது பள்ளிப்பட்டு. இன்றும் அவ்வட்டாரத்தார் எலும்பு முறிந்தால் புத்தூர்க் கட்டுக்குச் செல்வர். காய்ச்சலுக்கு நகரியோ திருத்தணியோ. பெருநோய்க்குத் திருப்பதியோ வேலூரோ சென்னையோ. இரு மாநில மருத்துவமனைகள், இரு மொழிச் சீட்டுகள். ஓரிடத்தில் கொடுத்த மருந்தை மற்றோரிடத்தார் அறியார். வெளிப்படச் சொல்லக் கூசும் நோயாயின், மறைப்பதும் சேர்ந்துகொள்கிறது. இங்கேதான் உண்மையான அபாயம் உள்ளது.

சி கிருமி மாத்திரையும் காசநோய்க்குத் தரும் ரிபாம்பிசினும் ஒத்துப்போகா; ரிபாம்பிசின் அம்மாத்திரையின் வலிமையைக் குலைத்துவிடும். எபாவிரென்ஸ் என்னும் பழைய எச்.ஐ.வி. மருந்து உட்கொள்வோர்க்கு டக்ளாடாஸ்விரின் அளவை உயர்த்த வேண்டும். இன்று பெரிதும் வழங்கும் டோலுடெக்ராவிர் அத்தகைய இடர் தருவதில்லை. பி கிருமி மறைந்திருந்தால் சி கிருமி ஒழியும்போது அது தலைதூக்கலாம். ஆகவே மருந்து தொடங்குமுன் பி வகைச் சோதனை இன்றியமையாதது. மருத்துவர் இவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்க வேண்டுமாயின், நோயாளி எல்லாச் சீட்டுகளையும் அவர்முன் வைக்க வேண்டும்.

எனவே ஒரு துணிப்பையில் எல்லா ஊர்ச் சீட்டுகளையும், சோதனைத் தாள்களையும், உட்கொள்ளும் மாத்திரை அட்டைகளையும் இட்டு, எச்.ஐ.வி. மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்கே முதலில் எடுத்துச் செல்லுங்கள். அங்குள்ள மருத்துவரிடம் நான்கு வினாக்கள் கேளுங்கள். சி கிருமியின் ஆர்.என்.ஏ. சோதனை செய்தாயிற்றா? பி கிருமி இருக்கிறதா? ஈரலில் வடு எவ்வளவு படிந்திருக்கிறது? இலவச சி மருந்தை எந்த அரசு மருத்துவமனையில் பெறலாம்? இவற்றுக்கு விடை கிடைத்தபின் ஏ.என்.ஏ. பற்றிப் பேச நேரம் உண்டு. தொலைபேசியில் வழி கேட்க விரும்புவோர் 1097 என்னும் இலவச எண்ணை அழைக்கலாம். பெயர் சொல்ல வேண்டியதில்லை.

செலவை எண்ணி அஞ்ச வேண்டா. 2004 ஏப்ரல் முதல் நாள் இலவச எச்.ஐ.வி. மருந்து நம் நாட்டில் எட்டு மையங்களில் தொடங்கிற்று. 1928இல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளருக்காக நிறுவிய தாம்பரம் மருத்துவமனை அவற்றுள் ஒன்று. அன்று வரை மரணத்தை எதிர்நோக்கிச் சென்றவர்கள், அதற்குப்பின் மருந்துப் பொட்டலத்துடன் இல்லம் திரும்பினர்.

இல்லத்தார் கடமை

ஒரே தட்டில் உண்பதாலும், தழுவுவதாலும், ஒரே குளியலறையைப் பயன்படுத்துவதாலும், கொசு கடிப்பதாலும் இவ்விரு கிருமிகளும் பரவுவதில்லை. பற்குச்சம், சவரக்கத்தி, நகவெட்டி ஆகியவற்றை மட்டும் தனியே வையுங்கள். சிந்திய இரத்தத்தை வெளுப்புப் பொடி கரைத்த நீரால் துடையுங்கள். மனைவியும் மக்களும் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். சி கிருமியுடைய தாயிடமிருந்து குழந்தைக்கு அது தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்தாறு, எச்.ஐ.வி.யும் இருப்பின் அது ஏறத்தாழ இரு மடங்கு. ஆகவே கருவுறுமுன் சி கிருமிக்கு மருந்து முடிப்பது சிறந்தது. சி கிருமிக்குத் தடுப்பூசி இல்லை. பி வகைக்கு உண்டு. அதனை வீட்டார் அனைவரும் போட்டுக்கொள்ளுங்கள்.

மதுவைக் குறித்து ஒரே சொல்: ஒரு துளியும் கூடாது. இரு கிருமிகள் தாக்கும் ஈரலுக்கு மூன்றாம் பகைவனை நாமே அழைத்து வருதல் தகுமோ?

பங்கு மக்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். 2018 செப்டம்பர் 10 முதல் நடப்பிலுள்ள எச்.ஐ.வி. சட்டம், வேலையிலும் பள்ளியிலும் மருத்துவமனையிலும் இந்நோயாளரை வேறுபடுத்துவதைத் தடை செய்கிறது; அவர் இசைவின்றி நோயை வெளியிடுவதும் குற்றம். ஆனால் திருமணப் பந்தியில் பக்கத்து இலையை விட்டு எழுந்து செல்பவரை எந்தச் சட்டமும் உட்கார வைக்க முடியாது. அது நம் கையில் உள்ளது. மறைக்க வேண்டிய அச்சம் இல்லாத ஊரில்தான் துணிப்பையிலுள்ள சீட்டுகள் அனைத்தும் மருத்துவரின் மேசைக்கு வந்து சேரும்.

(அடுத்த இதழில்: கருவுற்ற தாய்மார்க்கு மஞ்சள் காமாலை வந்தால் செய்ய வேண்டுவன.)